நாட்டின் பற்று வரவு

ஒரு நாடு தான் நுகரும் பொருள்களுக்கெல்லாம் விலை கொடுக்கும் அளவிற்கு உற்பத்தி செய்கிறதா என்னும் வினா, கேட்பதற்கு மிக எளியது. நாள்தோறும் செய்தித்தாளில் 'இறக்குமதி மிகுந்தது, ஏற்றுமதி குறைந்தது' என்று படிக்கும் மாணவர் எவருக்கும் அது தோன்றக்கூடும். ஆனால் விடை அவ்வளவு எளிதன்று. 'ஆம்' என்று சொன்னாலும் தவறு நேரும். 'இல்லை' என்று சொன்னாலும் தவறு நேரும். நம் நாட்டின் கணக்கையே எடுத்துக்கொண்டு, கடந்த எண்பது ஆண்டுகளில் இவ்வினாவிற்கு வரலாறு அளித்த விடைகள் சிலவற்றை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் கணக்கின் அமைப்பை அறிந்துகொள்வோம். ஓர் ஆண்டில் நாட்டு மக்கள் அனைவரும் உழைத்து விளைவிப்பது நெல், துணி, இரும்பு மட்டுமன்று. ஆசிரியர் கற்பிப்பதும், மருத்துவர் நோய் தீர்ப்பதும், இரயில் ஓட்டுநர் வண்டி செலுத்துவதும் உற்பத்தியே. இவற்றின் மொத்த மதிப்பே நாட்டின் உற்பத்தி. அதிலிருந்து ஒரு பகுதியை மக்கள் உண்டும் உடுத்தும் செலவிடுகின்றனர்; ஒரு பகுதியை அரசு தன் பணிகளுக்குச் செலவிடுகிறது; மற்றொரு பகுதி அணை, ஆலை, சாலை, வீடு எனப் பிற்காலத்திற்குப் பயன்படும் முதலீடாகிறது. இம்மூன்று செலவுகளின் கூட்டுத்தொகை உற்பத்தியைவிட மிகுந்தால், மிகுதி எங்கிருந்தோ வந்தாக வேண்டும். அது வெளிநாட்டிலிருந்துதான் வரும். ஏற்றுமதியை மிஞ்சிய இறக்குமதி என்று நாம் அழைப்பது அம்மிகுதியையே.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். இந்திய மக்களும் அரசும் அன்றாடம் செலவழித்துத் தீர்ப்பது நாட்டு உற்பத்தியைவிட மிகுதியன்று, எவ்வளவோ குறைவு. இந்நாளில் நூறு ரூபாய் வருமானத்தில் ஏறத்தாழ 30 ரூபாய் சேமிப்பாக மிஞ்சுகிறது. சுதந்திரம் பெற்ற புதிதில், 1950-51-இல், மிஞ்சியது 10 ரூபாய் அளவே. ஆயினும் நாம் செய்ய விரும்பும் முதலீடு அந்தச் சேமிப்பைவிடச் சற்று மிகுதியாக இருக்கிறது. அச்சிறு இடைவெளியைத்தான் பிற நாட்டார் பணம் நிரப்புகிறது. ஆகவே இந்தியா தன் விளைவை முழுதும் உண்டுவிட்டுக் கடன் வாங்குகிறது என்று ஒருவர் சொன்னால், அவர் கணக்கைப் படிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அப்படியானால் கவலைப்பட எதுவுமில்லையா என்று கேட்கலாம். கவலைக்கு இடமுண்டு. உள்நாட்டுக் கணக்கு ரூபாயில் எழுதப்படுவது. வெளிநாட்டாருக்குக் கொடுக்க வேண்டிய விலையோ டாலரில் எழுதப்படுவது. தஞ்சை மாவட்டத்தில் நெல் குவிந்து கிடந்தாலும், அதைக் கொண்டு வளைகுடாவிலிருந்து எண்ணெய் வாங்க இயலாது. அந்நெல்லையோ வேறொன்றையோ வெளிநாட்டார் விரும்பி வாங்கி, டாலர் தந்தால்தான் இயலும். எனவே உற்பத்தி போதுமா என்று கேட்பதோடு, பிறர் வாங்க விரும்பும் பொருளை உற்பத்தி செய்கிறோமா என்றும் கேட்டாக வேண்டும். என் வகுப்பில் ஒருமுறை ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, நமக்கு வேண்டியதை எல்லாம் நாமே செய்துகொண்டால் இந்தத் தொல்லையே இல்லையே?" என்று கேட்டான். நல்ல வினாதான். ஆனால் நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டிற்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. பயிருக்கிடும் பொட்டாஷ் உரம் ஏறக்குறைய முழுவதும் வெளிநாட்டது. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் அவ்வாறே. மண்ணுக்கடியில் இல்லாததை மன உறுதியால் தோண்டி எடுக்க முடியாது.

இனி வரலாற்றிற்கு வருவோம். நம் நாடு சுதந்திரம் பெற்றபோது நாம் கடனாளிகள் அல்லர், கடன் கொடுத்தவர்கள். இச்செய்தி பலருக்கு வியப்பளிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியா நேச நாட்டுப் படைகளுக்குத் துணி, சணல், தானியம், போர்த் தளவாடங்கள் ஆகியவற்றை ஏராளமாக அளித்தது. அவற்றிற்கான விலையைப் பிரிட்டன் அப்போதே பொருளாகத் தரவில்லை. இலண்டனில் இந்தியாவின் பெயரில் பவுன் கணக்கில் வரவு வைத்தது. போர் முடிந்தபோது அந்நிலுவை ஏறத்தாழ 130 கோடி பவுன் ஆயிற்று. பல தலைமுறைகளாகப் பிரிட்டனுக்குக் கடன்பட்டிருந்த நாடு, ஆறே ஆண்டுகளில் அக்கடனையெல்லாம் அடைத்துவிட்டு, அந்நாட்டிற்கே கடன் கொடுத்த நாடாக மாறியது.

இதைக் கேட்டுப் பெருமிதம் கொள்ளும் முன்பு அப்பணம் எவ்வாறு சேர்ந்தது என்று எண்ணிப் பாருங்கள். நாட்டில் விளைந்த பொருள் வெளியே சென்றது. அதற்கு மாற்றாக உள்ளே எதுவும் வரவில்லை. உள்ளே அச்சடித்த நோட்டுகளே புழங்கின. விலைவாசி பன்மடங்கு ஏறிற்று. அதே ஆண்டுகளில்தான், 1943-இல், வங்காளத்தில் கொடிய பஞ்சம் தோன்றி இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அப்பஞ்சத்திற்குக் காரணங்கள் பல. போர்க்காலத்து விலையேற்றமும் அவற்றுள் ஒன்று என்பதை அறிஞர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். இலண்டன் ஏட்டில் வரவு எழுதப்பட்ட ஒவ்வொரு பவுனும் இங்கே யாரோ ஒருவர் உண்ணாமலும் உடுக்காமலும் விட்டதன் அடையாளம். ஏற்றுமதி மிகுதியாக இருப்பது எப்போதும் செழிப்பின் அறிகுறி என்று பாடநூல் சில கூறும்போது எனக்கு இந்தக் கணக்குத்தான் நினைவிற்கு வரும். ஒரு நாடு தன் உற்பத்தியைவிடக் குறைவாக நுகர்வது சிக்கனமாகவும் இருக்கலாம், பட்டினியாகவும் இருக்கலாம். எண்களைப் பார்த்து மட்டும் எது என்று சொல்லிவிட முடியாது.

அந்தப் பவுன் நிலுவை எங்கே போயிற்று? சுதந்திரத்திற்குப் பின் உணவுத் தானியம் வாங்கவும், பிற செலவுகளுக்கும் அதில் ஒரு பகுதி கரைந்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் 1956-இல் தொடங்கியதும் எஞ்சியதும் விரைந்து கரையத் தொடங்கியது. பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர் ஆகிய இடங்களில் உருக்காலைகள் எழும்பின. அவற்றிற்கான எந்திரங்கள் முறையே சோவியத் நாடு, ஜெர்மனி, பிரிட்டன் ஆகியவற்றிலிருந்து வந்தன. 1957-இல் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியது. 1958-இல் உலக வங்கியின் முயற்சியால் இந்தியாவிற்கு உதவும் நாடுகளின் கூட்டமைப்பு ஒன்று உருவாயிற்று. சேமிப்பாளன் கடனாளி ஆனான். இருந்தாலும் அதை நான் ஊதாரித்தனம் என்று சொல்ல மாட்டேன். கடன் வாங்கிக் கிணறு வெட்டுபவனையும் கடன் வாங்கி விருந்து வைப்பவனையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று.

உணவிற்குக் கடன்பட்டதுதான் வேறு கதை. 1956 ஆகஸ்டில் அமெரிக்காவுடன் பி.எல்.480 எனப்படும் சட்டத்தின்கீழ் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி அமெரிக்கக் கோதுமைக்கு நாம் டாலர் தர வேண்டியதில்லை. ரூபாயில் விலை கொடுத்து, அதை இந்தியாவிலேயே அமெரிக்காவின் கணக்கில் வைத்தால் போதும். இதைவிட இனிய ஏற்பாடு உண்டோ என்று அப்போது பலரும் கருதினர். அக்காலத்தில் பள்ளிச் சிறுவனாக இருந்தவர்களுக்கு மதிய உணவில் கிடைத்த அமெரிக்கக் கோதுமை ரவை உப்புமாவின் மணம் இன்றும் நினைவிருக்கும், எனக்கும் இருக்கிறது. அதன் விலை யாது என்று அந்த வயதில் நாங்கள் கேட்கவில்லை.

விலை 1965-இல் தெரியவந்தது. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் பருவமழை பொய்த்தது. 1966-இல் மட்டும் ஒரு கோடி டன் அளவிற்குத் தானியம் கப்பல்களில் வந்திறங்க வேண்டியிருந்தது. அப்போது அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த லிண்டன் ஜான்சன், ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தம் செய்யாமல், அவ்வப்போது சில வாரங்களுக்கு வேண்டியதை மட்டும் அனுப்பும் முறையைக் கைக்கொண்டார். வேளாண்மைக் கொள்கையை மாற்ற வேண்டும் என்பது ஒரு நோக்கம்; வியட்நாம் போரைக் குறித்து இந்தியா பேசியது அவருக்குப் பிடிக்கவில்லை என்பதும் உண்மை. 'கப்பலிலிருந்து வாய்க்கு' என்று நம் நிலையை அந்நாளில் வருணித்தனர். 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பும் குறைக்கப்பட்டது. ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்றிருந்தது 7 ரூபாய் 50 காசு ஆயிற்று. டாலரில் செலுத்த வேண்டிய ஒவ்வொரு பழைய கடனும் ரூபாய்க் கணக்கில் ஒரே நாளில் ஒன்றரை மடங்கிற்கு மேல் ஏறியது.

இந்நெருக்கடிக்கு மறுமொழி வயலிலிருந்து வந்தது. அந்நாளைய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் கொங்கு நாட்டு வேளாண் குடும்பத்தில் பிறந்தவர், அறிஞர் எம்.எஸ். சுவாமிநாதன் குடந்தையில் பிறந்தவர். இவர்களும் வட இந்திய உழவர்களும் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து குட்டை ரகக் கோதுமையைப் பரப்பினர். 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வாங்கப்பட்டது. செலாவணி இல்லாத அந்தச் சமயத்தில் விதைக்காக டாலர் செலவிட்டது துணிவான செயல். 1966-67-இல் 1 கோடியே 14 இலட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், அடுத்த ஆண்டே 1 கோடியே 65 இலட்சம் டன் ஆயிற்று. தஞ்சைப் பகுதியில் அதே காலத்தில் ஆடுதுறை 27 என்னும் நெல் பரவியது. 1974-இல், இந்தியாவில் சேர்ந்து கிடந்த பி.எல்.480 ரூபாய்த் தொகையின் பெரும்பகுதியை அமெரிக்கா விட்டுக்கொடுத்து அக்கணக்கை முடித்தது.

உணவுக் கணக்கு நேரானது கண்டு மகிழும்போது ஒன்றை மறக்கலாகாது. புதிய பயிர்கள் உரம் கேட்பவை. உரமும், உரம் செய்வதற்கான எரிவாயுவும் பெரிதும் வெளிநாட்டிலிருந்து வருபவை. முன்பு மூட்டையாக இறக்குமதியான கோதுமையின் ஒரு பகுதி இன்று உரமாக இறக்குமதியாகிறது எனலாம். இதில் இலாபம் நமக்கே. ஒரு மூட்டை உரம் பல மூட்டைத் தானியம் தரும். ஆனாலும் கயிறு அறுந்துவிடவில்லை, நீண்டிருக்கிறது.

இப்போது 1991-ஆம் ஆண்டிற்கு வருகிறேன். மாணவர்கள் அவ்வாண்டைப் 'பொருளாதாரச் சீர்திருத்தம்' என்னும் தலைப்பில் மனப்பாடம் செய்கிறார்கள். அதற்கு முந்திய நிகழ்ச்சிகளை யாரும் கேட்பதில்லை. 1980-களில் நாட்டின் இறக்குமதி ஏற்றுமதியைவிட மிகுதியாகவே இருந்துவந்தது. இடைவெளியை நிரப்ப, அரசுகளிடமிருந்து குறைந்த வட்டியில் நெடுநாள் கடன் பெறும் பழைய வழியோடு, வணிக வங்கிகளிடம் குறுகிய காலக் கடனும், வெளிநாட்டில் வாழும் இந்தியர்களின் வைப்புத் தொகையும் பெறும் வழி சேர்ந்தது. இவை இரண்டும் நம்பிக்கை உள்ளவரை நிற்பவை. நம்பிக்கை போனால் ஒரே மாதத்தில் வெளியேறுபவை. ஊர்க் கடைக்காரரிடம் மாதக் கணக்கில் பற்று வைத்துவிட்டு, அவர் ஒருநாள் "இன்று மாலைக்குள் பாக்கியைத் தீர்த்துவிடுங்கள்" என்று சொன்னால் குடும்பம் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியது. எண்ணெய் விலை சில வாரங்களில் இரு மடங்கானது. குவைத்தில் உழைத்துக்கொண்டிருந்த இந்தியர்கள் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் விமானங்களில் தாயகம் திரும்பினர். அவர்கள் வீட்டிற்கு அனுப்பிவந்த பணம் நின்றது. ஒருபுறம் செலவு ஏற, மறுபுறம் வரவு சுருங்கிற்று. உள்நாட்டில் ஆட்சிகள் மாறின. கடன் கொடுத்தவர்கள் அஞ்சினர். வெளிநாட்டு இந்தியர்கள் வைப்புகளைத் திரும்பப் பெறத் தொடங்கினர். 1991 ஜனவரியில் பன்னாட்டு நிதியத்திலிருந்து ஏறத்தாழ 180 கோடி டாலர் கிடைத்தது, அதுவும் கரைந்தது. ஜூன் மாதத்தில் நாட்டின் கையிருப்பில் எஞ்சிய அந்நியச் செலாவணி சுமார் இரண்டு வார இறக்குமதிக்கே போதுமானதாக இருந்தது.

அதற்கு முன்பே, மே மாதத்தில், சந்திரசேகர் தலைமையில் இருந்த இடைக்கால அரசு ஒரு முடிவெடுத்தது. கடத்தல்காரர்களிடமிருந்து கைப்பற்றி வைத்திருந்த தங்கத்தில் 20 டன், பாரத ஸ்டேட் வங்கியின் வழியாகச் சுவிட்சர்லாந்திற்கு, திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு விற்கப்பட்டது. ஜூலையில், நரசிம்மராவ் அரசு பதவியேற்ற பின், ரிசர்வ் வங்கி தன் பெட்டகத்திலிருந்து ஏறத்தாழ 47 டன் தங்கத்தை விமானங்களில் இலண்டனுக்கு அனுப்பி, இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் ஈடாகக் காட்டி, சுமார் 40 கோடி டாலர் பெற்றது. அப்போது ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்தவர் நாகர்கோவிலைச் சேர்ந்த எஸ். வெங்கிடரமணன். தங்கம் போகிறது என்னும் செய்தி வெளிவந்தபோது நாடே துயருற்றது. ஒவ்வொரு வீட்டிலும் தாலியைத் தவிர மற்றதை அடகு வைத்துப் பழகிய மக்கள் நாம். அச்செய்தியின் பொருளை விளக்கப் பொருளியல் நூல் எதுவும் தேவைப்படவில்லை.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற தொகை எவ்வளவு என்று பாருங்கள்: 40 கோடி டாலர். இன்று இந்தியா ஒரே நாளில் அதைவிடப் பன்மடங்கு மதிப்புள்ள பொருளை இறக்குமதி செய்கிறது. ஆயினும் அத்தொகை அன்று ஒரு வேலையைச் செய்தது. குறித்த நாளில் கடன் தவணையைச் செலுத்த உதவியது. இந்தியா வாக்குத் தவறாத நாடு என்னும் பெயரைக் காத்தது. சுதந்திரத்திற்குப் பின் வெளிநாட்டுக் கடன் தவணை ஒன்றையும் தவறவிடாத நாடு என்பது சிறிய செய்தியன்று. தங்கம் அவ்வாண்டு இறுதிக்குள் மீட்கப்பட்டது.

யார் இதற்கு விலை கொடுத்தார்கள்? இவ்வினாவைத்தான் மாணவர்கள் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம். ஜூலை முதல் நாளிலும் மூன்றாம் நாளிலும் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. டாலர் 21 ரூபாயிலிருந்து ஏறத்தாழ 26 ரூபாய்க்கு ஏறியது. இறக்குமதி செய்வோர், பொருளின் விலையைவிட மிகுதியான தொகையை முன்பணமாக வங்கியில் கட்ட வேண்டும் என்னும் விதி அதற்கு முன்பே வந்திருந்தது. மூலப்பொருள் கிடைக்காமல் ஆலைகள் சில தயங்கி நின்றன. 1991-92-இல் நாட்டின் வளர்ச்சி ஒன்றரை விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது. பன்னாட்டு நிதியம் கடனோடு நிபந்தனைகளையும் தந்தது. மன்மோகன் சிங் ஜூலை 24 அன்று அளித்த வரவு செலவுத் திட்டத்தில் உரத்தின் விலையும் உயர்ந்தது. எண்ணெய் விலையை உயர்த்தியவர் எங்கோ இருந்தார். குறுகிய காலக் கடன் வாங்கியவர் எங்கோ இருந்தார். ரேஷன் கடையிலும் உரக்கடையிலும் நின்றவர் வேறொருவர். ஒரு நாடு தன் வரவிற்கு மேல் செலவு செய்தால் அப்பாக்கி சரிசமமாகப் பங்கிடப்படுவதில்லை.

நம் அண்டை நாடான இலங்கை இதைவிடக் கடுமையாகத் துன்புற்றது. 2019-இல் ஈஸ்டர் நாள் குண்டுவெடிப்புகளாலும், அடுத்து வந்த கொரோனாத் தொற்றாலும் சுற்றுலா வருவாய் அற்றுப்போயிற்று. 2019 இறுதியில் வரிகள் பெருமளவில் குறைக்கப்பட்டன. 2021-இல் இரசாயன உரத்தின் இறக்குமதி திடீரென்று தடுக்கப்பட்டது. செலாவணி மிச்சமாகும் என்று எண்ணினர். நெல்லும் தேயிலையும் விளைச்சலில் வீழ்ந்தன. தேயிலை குறைந்தால் டாலரும் குறையும் அன்றோ? 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அந்நாடு அறிவித்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் சென்றன. மலையகத் தமிழ்த் தொழிலாளர் பறித்த கொழுந்தே ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அத்தீவின் இறக்குமதிக்குப் பெரும் பங்கு விலை கொடுத்துவந்தது. அவர்கள் வாழும் லயன் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு, ஏற்றுமதி செய்பவர் கையில் ஏற்றுமதியின் பயன் தங்குவதில்லை என்பது விளங்கும்.

'அமெரிக்காவும் ஆண்டுதோறும் ஏற்றுமதியைவிட மிகுதியாக இறக்குமதி செய்கிறதே, அது ஏன் திவாலாகவில்லை?' என்று கல்லூரி மாணவர்கள் கேட்பதுண்டு. உண்மைதான், 1975-க்குப் பின் அந்நாட்டின் வாணிபக் கணக்கு ஓர் ஆண்டிலும் மிகுதி காட்டியதில்லை. ஆனால் அமெரிக்கா தன் இறக்குமதிக்குத் தன் சொந்தப் பணத்திலேயே விலை கொடுக்கிறது. உலகத்தார் அதைப் பெற்றுத் தம் கையிருப்பாகச் சேர்த்து வைக்கிறார்கள். கடைக்காரர், ஒருவர் எழுதிக் கொடுத்த சீட்டையே பணமாக எண்ணிப் பெட்டியில் வைத்துக்கொள்வது போன்றது இது. அச்சலுகை எல்லா நாட்டிற்கும் இல்லை. என்றென்றும் அமெரிக்காவிற்கே இருக்குமா என்பதில் அறிஞர்கள் வேறுபடுகிறார்கள்.

மற்றொரு வகை ஏமாற்றத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பசிபிக் மாகடலில் நவுரு என்று ஒரு தீவு. பரப்பு 21 சதுர கிலோமீட்டர். அங்கே நிலமே பாஸ்பேட் கனியம். 1968-இல் சுதந்திரம் பெற்ற பின் அதை வெட்டி விற்று, உலகின் மிகுந்த வருமானமுள்ள மக்களுள் ஒருவராயினர். ஏற்றுமதி மிகுதி, கடன் இல்லை. கணக்கு அழகாகவே இருந்தது. ஆனால் அவர்கள் விற்றது விளைச்சலை அன்று, நிலத்தையே. கனியம் தீர்ந்தது, மெல்போர்ன் நகரில் அவர்கள் எழுப்பிய உயர்ந்த கட்டடமும் 2004-இல் விற்பனையாயிற்று. உற்பத்தி என்று நாம் எழுதும் எண்ணில், உண்மையில் விளைந்தது எவ்வளவு, தோண்டித் தீர்த்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் பத்தி இன்றும் பெரும்பாலான கணக்குகளில் இல்லை.

இனி இன்றைய இந்தியாவின் கணக்கைக் காண்போம். 2023-24-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்கிறேன். பொருள்களில் மட்டும் பார்த்தால் நம் இறக்குமதி ஏற்றுமதியைவிட ஏறத்தாழ 24,000 கோடி டாலர் மிகுதி. இது பேரிடைவெளி. இதனை எது நிரப்பியது? கணிப்பொறி மென்பொருள் முதலிய பணிகளை வெளிநாட்டிற்குச் செய்து கொடுத்ததில் நிகரமாக ஏறத்தாழ 16,000 கோடி டாலர் வந்தது. வெளிநாட்டில் உழைப்போர் வீட்டிற்கு அனுப்பிய பணம் ஏறத்தாழ 12,000 கோடி டாலர். இவற்றிலிருந்து, வெளிநாட்டார் இங்கே செய்த முதலீட்டிற்கு நாம் கொடுத்த வட்டியையும் இலாபத்தையும் கழித்தால், இறுதியில் எஞ்சிய பற்றாக்குறை நாட்டு வருமானத்தில் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவு. 1990-91-இல் அது மூன்று விழுக்காட்டிற்குச் சற்று மிகுதி. 2012-13-இல் ஐந்து விழுக்காட்டை நெருங்கியது.

2012-13-ஐக் குறிப்பிட்டதற்குக் காரணமுண்டு. அவ்வாண்டு எண்ணெய்க்கு அடுத்தபடியாக நாம் மிகுதியாக வாங்கியது தங்கம். 5,000 கோடி டாலருக்கு மேல். அந்தத் தங்கத்தால் ஓர் ஆலையும் ஓடவில்லை, ஒரு வயலும் விளையவில்லை. 2013 ஆகஸ்டில் ரூபாய் டாலருக்கு 68 வரை சரிந்தது. தங்கத்தின் இறக்குமதி வரி 10 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 1991-இல் நாடு தங்கத்தை அடகு வைத்துச் செலாவணி தேடியது. 2013-இல் வீடுகள் தங்கம் வாங்கியதால் செலாவணி கரைந்தது. ஆயினும் தங்கம் வாங்கும் குடும்பத்தைப் பழிக்க எனக்கு மனம் வருவதில்லை. வங்கி எட்டாத ஊரில், விலைவாசி நிலையில்லாத காலத்தில், பெண்ணின் கையிலிருக்கும் ஒரே சேமிப்பு அதுதான். ஒரு வீட்டிற்குச் சேமிப்பாக இருப்பது நாட்டிற்குச் செலவாக அமைவது பொருளியலின் விந்தைகளுள் ஒன்று.

கையிருப்பில் இன்று 60,000 கோடி டாலருக்கு மேல் இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்பவர்களும் உண்டு. அது மெய்யான பாதுகாப்பு, மறுப்பதற்கில்லை. இலண்டனில் வைத்திருந்த தங்கத்தில் 100 டன்னை ரிசர்வ் வங்கி 2024-இல் நாட்டிற்குள் கொண்டுவந்தது என்னும் செய்தியைப் படித்தபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் அக்கையிருப்பு ஏற்றுமதி மிகுதியால் சேர்ந்ததன்று. சீனாவும் ஜப்பானும் பல்லாண்டுகள் விற்றது மிகுந்து சேர்த்தன. நாம் வெளிநாட்டார் முதலிட்ட பணத்திலிருந்து சேர்த்தோம். அம்முதலீட்டிற்கு உரியவர் வேறொருவர். அவர் விரும்பினால் திரும்பக் கேட்கலாம்.

ரிசர்வ் வங்கி மூன்று மாதத்திற்கு ஒருமுறை இந்தக் கணக்கை வெளியிடுகிறது. கல்லூரி மாணவர்கள் ஒருமுறையேனும் அதனை எடுத்துப் பார்க்க வேண்டும். தலைப்புச் செய்தியில் வரும் வாணிபப் பற்றாக்குறையோடு நின்றுவிடாதீர்கள். கீழே இறங்கி, வெளிநாட்டிலிருந்து தனியார் அனுப்பிய தொகை என்னும் வரியைத் தேடுங்கள். துபாயில் கட்டடச் சாரத்தில் நிற்கும் இராமநாதபுரத்துக் கொத்தனாரும், ரியாத் மருத்துவமனையில் இரவுப் பணி செய்யும் கேரளத்துச் செவிலியும், அமெரிக்காவில் மென்பொருள் எழுதும் நம் பழைய மாணவர்களும் அந்த ஒரே வரியில் அடங்கியிருக்கிறார்கள். அவ்வரியிலுள்ள எண் நம் எண்ணெய் இறக்குமதிக்கான விலையில் எத்தனை பங்கு என்று வகுத்துப் பாருங்கள். 2023-24-இல் நாம் வாங்கிய கச்சா எண்ணெய்க்கு 13,000 கோடி டாலரை ஒட்டிச் செலவாயிற்று.